வெப்பமானி நகராமல் நிற்கும் இடம்: அடுப்பங்கரையில் வெப்பத்தைக் கற்க ஒரு வழிகாட்டி

அடுப்பில் வைத்த பாத்திரத்தில் பனிக்கட்டி உருகிக்கொண்டிருக்கிறது. தீ எரிகிறது, வெப்பம் உள்ளே போய்க்கொண்டே இருக்கிறது. வெப்பமானியோ பூஜ்ஜியத்தைப் பிடித்துக்கொண்டு நகர மறுக்கிறது. அப்படியானால் உள்ளே போன வெப்பம் என்ன ஆயிற்று? திடம், திரவம், வாயு என்று மனப்பாடம் செய்து தேர்வு எழுதியவர்களில் பலர் இந்தக் கேள்வியைச் சந்தித்ததே இல்லை. பொருளின் நிலைகளைக் கற்கத் தொடங்க இதைவிட நல்ல வாசல் கிடையாது என்பது என் உறுதியான எண்ணம்.

பள்ளி அறிவியலை மறுபடி தொட்டுப் பார்க்க விரும்பும் பெரியவர்களையும், பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டிய பெற்றோரையும் மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். ஆய்வுக்கூடம் தேவையில்லை. எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்து முடிக்க வேண்டும் என்றும் இல்லை. ஆனால் முதல் நான்கு படிகளை வரிசை மாற்றாமல் செய்யுங்கள். பிறகு வருபவை அவற்றின்மேல்தான் நிற்கின்றன.

தேவையானவை

சமையலுக்கான டிஜிட்டல் வெப்பமானி ஒன்று வேண்டும். மைனஸ் 20 முதல் 110 டிகிரி செல்சியஸ் வரையாவது அளக்கக்கூடியதாகப் பார்த்து வாங்குங்கள். காய்ச்சல் பார்க்கும் வெப்பமானியை எடுக்கவே எடுக்காதீர்கள். அது ஏறத்தாழ 35 முதல் 42 டிகிரி வரைக்கும் மட்டுமே செய்யப்பட்டது. வெந்நீரில் வைத்தால் பழைய கண்ணாடி வகை உடையும். உள்ளே இருக்கும் பாதரசத்தின் ஆவி நஞ்சு.

அடுத்தது, ஒரு கிராம் வரை காட்டும் சமையலறைத் தராசு. கைபேசியிலுள்ள நேரங்காட்டி போதும். மற்றவை வீட்டிலேயே இருக்கும்: பனிக்கட்டி, உப்பு, மஞ்சள்தூள், எலுமிச்சம்பழம், சமையல் சோடா, வெற்றிலைக்குப் போடும் சுண்ணாம்பு, சூடம், எவர்சில்வர் டம்ளர்கள், ஒரு பலூன், ஒரு நோட்டுப் புத்தகம்.

நோட்டுப் புத்தகத்தைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். ஒவ்வொரு சோதனைக்கும் முன்னால் என்ன நடக்கும் என்று நினைக்கிறீர்களோ அதை எழுதிவிடுங்கள். எழுதாமல் பார்த்தால், எது நடந்தாலும் ‘இதுதான் எனக்குத் தெரியுமே’ என்று மனம் சொல்லிவிடும்.

முதல் படி: வெப்பமானியைச் சோதித்தல்

பனிக்கட்டியைத் துணியில் சுற்றி நொறுக்கி ஒரு டம்ளர் நிறையப் போடுங்கள். இடைவெளி நிரம்பும் அளவுக்கு மட்டும் குளிர்ந்த நீர் ஊற்றிக் கலக்குங்கள். இரண்டு நிமிடம் கழித்து வெப்பமானி 0 காட்ட வேண்டும். 1 என்று காட்டினால் கருவியைத் தூக்கி எறிய வேண்டாம். அந்த ஒரு டிகிரியை நோட்டில் எழுதிவைத்து, பிறகு எடுக்கும் அளவுகளில் கழித்துக்கொள்ளுங்கள்.

சுவீடன் நாட்டின் ஆண்டர்ஸ் செல்சியஸ் 1742இல் தம் அளவுகோலை அமைத்தபோதும் நீர் உறையும் இடத்தையும் கொதிக்கும் இடத்தையும்தான் இரு முனைகளாகக் கொண்டார். அவர் கொதிநிலைக்கு 0 என்றும் உறைநிலைக்கு 100 என்றும் வைத்திருந்தார். அவருக்குப் பிறகுதான் அது இன்று நாம் அறிந்தபடி தலைகீழாக மாறியது.

இரண்டாம் படி: உருகும்போது உடனிருந்து பார்த்தல்

நொறுக்கிய பனிக்கட்டி 200 கிராம் எடுத்துச் சிறிய பாத்திரத்தில் போட்டு, மிகச் சிறு தீயில் வையுங்கள். வெப்பமானியின் முனை பாத்திரத்தின் அடியைத் தொடக்கூடாது. விடாமல் கலக்கிக்கொண்டே அரை நிமிடத்துக்கு ஒரு முறை அளவை எழுதுங்கள். கலக்குவதில் சோம்பல் கூடாது. கலக்காவிட்டால் அடியில் வெந்நீரும் மேலே பனிக்கட்டியுமாகப் பிரிந்து நிற்கும், எண்கள் பொருளற்றவையாகிவிடும்.

பனிக்கட்டி மிச்சமிருக்கும்வரை அளவு பூஜ்ஜியத்தை ஒட்டியே நிற்கும். கடைசித் துணுக்கு கரைந்த பிறகு கிடுகிடுவென்று ஏறும். நேரத்தைக் கிடைக்கோட்டிலும் வெப்பநிலையைச் செங்குத்துக் கோட்டிலும் வைத்து வரைபடம் போடுங்கள். முதலில் ஒரு சமதளம், பிறகு ஒரு ஏற்றம் என்று தெளிவாகத் தெரியும்.

பனிக்கட்டியில் நீரின் மூலக்கூறுகள் ஒன்றையொன்று பற்றி, வரிசை கலையாமல் ஒரே இடத்தில் அதிர்ந்துகொண்டிருக்கின்றன. வெப்பநிலை என்பது அந்த அசைவின் வேகத்தைக் காட்டும் அளவு. உருகும் நேரத்தில் உள்ளே வரும் வெப்பம் மூலக்கூறுகளின் வேகத்தைக் கூட்டுவதில்லை. அவற்றின் பிடியைத் தளர்த்துவதில் செலவாகிறது. வேகம் கூடாததால் வெப்பமானியும் ஏறுவதில்லை. வெப்பம் வேறு, வெப்பநிலை வேறு என்பதைக் கண்ணால் காட்டும் இடம் இந்தச் சமதளம்.

ஒரு கிராம் நீரை ஒரு டிகிரி சூடாக்கத் தேவைப்படுவது ஒரு கலோரி, அதாவது ஏறத்தாழ 4.2 ஜூல். ஒரு கிராம் பனிக்கட்டியை உருக்க மட்டும் 80 கலோரி வேண்டும். அதே வெப்பத்தைக் கொண்டு அந்த ஒரு கிராம் நீரை 0 டிகிரியிலிருந்து 80 டிகிரிக்குக் கொண்டுபோய்விடலாம்.

இதை 1760களின் தொடக்கத்தில் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் அளந்து காட்டியவர் ஜோசப் பிளாக். அவருடைய வாதம் எளிமையானது. உருகுவதற்குச் சிறிதளவு வெப்பமே போதுமானதாக இருந்தால், வெயில் எட்டிப்பார்த்த உடனே மலைப்பனி முழுவதும் ஒரே மூச்சில் உருகி ஊர்களை வெள்ளம் அடித்துக்கொண்டு போயிருக்குமே! பனி மெல்ல மெல்லத்தான் உருகுகிறது. ஆகவே அது ஏராளமான வெப்பத்தைச் சத்தமில்லாமல் விழுங்குகிறது. அந்த வெப்பத்துக்கு உள்ளுறை வெப்பம் என்று பெயர்.

மூன்றாம் படி: சரிபாதிக் கலவை

ஒரே ஒரு சோதனைக்குத்தான் நேரம் இருக்கிறது என்பவர்கள் இதைச் செய்யுங்கள்.

முதலில் 100 கிராம் பனிநீரில் (பனிக்கட்டியை வடிகட்டி எடுத்துவிட்ட, 0 டிகிரி நீர்) 80 டிகிரி வெந்நீர் 100 கிராம் ஊற்றுங்கள். எதிர்பார்த்தபடியே 40 டிகிரியை ஒட்டி வரும். அடுத்து, 0 டிகிரி பனிக்கட்டி 100 கிராமில் 80 டிகிரி வெந்நீர் 100 கிராம் ஊற்றிக் கலக்குங்கள். இரண்டாவதில் எவ்வளவு வரும் என்று வீட்டில் எல்லோரையும் எழுதச் சொல்லுங்கள். 30 என்பார்கள், 25 என்பார்கள். பனிக்கட்டி ஏறக்குறைய முழுவதும் உருகி, அளவு பூஜ்ஜியத்துக்கு மிக அருகே வந்து நிற்கும். வெந்நீரில் இருந்த 80 டிகிரிச் சூடு முழுவதும் பனிக்கட்டியை உருக்குவதற்கே சரியாகிவிட்டது.

உறைபெட்டியிலிருந்து நேராக எடுத்த பனிக்கட்டி மைனஸ் 15, மைனஸ் 18 டிகிரியில் இருக்கும். அதன் மேல் ஈரம் பளபளக்கும்வரை வெளியே வைத்து, பிறகு துணியால் ஒற்றி எடையிட்டால்தான் கணக்கு சரியாக வரும்.

நான்காம் படி: கொதிக்கும் நீர்

500 கிராம் நீரின் வெப்பநிலையைக் குறித்துக்கொண்டு நடுத்தரத் தீயில் வையுங்கள். 50, 60 டிகிரியிலேயே பாத்திரத்தின் சுவரில் சிறு குமிழிகள் ஒட்டும். அது கொதி அல்ல. நீரில் கரைந்திருந்த காற்று வெளியேறுகிறது. பிறகு அடியில் தோன்றும் நீராவிக் குமிழிகள் மேலே வரும் வழியில் குளிர்ந்து உடையும்போது ‘உஸ்’ என்று ஒரு சத்தம் எழும். குமிழிகள் உடையாமல் மேற்பரப்புவரை வந்து வெடிக்கும்போதுதான் உண்மையான கொதி.

இப்போது தீயைக் கூட்டிப் பாருங்கள். நீர் இன்னும் ஆவேசமாகக் குதிக்கும், வெப்பநிலை மட்டும் ஏறாது. இரண்டாவது சமதளம் இது. கொதி வந்தபின் தீயைக் குறைத்து மூடி வைத்தாலும் சோறு அதே நேரத்தில்தான் வேகும் என்பது இதிலிருந்து கிடைக்கும் நல்ல பாடம், எரிவாயு மிச்சமாகும்.

அந்தச் சமதளத்தில் எவ்வளவு வெப்பம் போகிறது? நீர் கொதி வர எத்தனை நிமிடம் ஆயிற்றோ, அதே தீயில் அத்தனை நிமிடம் மேலும் கொதிக்க விட்டு, பாத்திரம் ஆறியதும் எடையைப் பாருங்கள். அறை வெப்பநிலை 30 டிகிரி என்றால் நீர் கொதி வர கிராமுக்கு 70 கலோரி போயிருக்கும். அதே வெப்பம் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு நீரை மட்டுமே ஆவியாக்கியிருக்கும். கொதிநிலையில் ஒரு கிராம் நீரை நீராவியாக்க 540 கலோரி வேண்டும் என்பதே காரணம்.

நீராவி சுட்டால் வெந்நீரைவிட மோசமாகப் புண்ணாவது இதனால்தான். தோலின் மேல் நீராவி நீராகும்போது அந்த 540 கலோரியையும் அங்கேயே இறக்கிவிடுகிறது. இட்லி வேகுவதும் இதே கணக்கில்தான். மாவின்மேல் படியும் நீராவி நீராக மாறும்போது விட்டுக்கொடுக்கும் வெப்பம் மாவை உள்வரை வேக வைக்கிறது.

கெட்டிலின் மூக்கை ஒரு கை தள்ளி நின்று கவனியுங்கள். மூக்கை ஒட்டி ஒரு விரல் அகலத்துக்கு எதுவும் தெரியாது, அதற்கு அப்பால்தான் வெண்புகை தொடங்கும். கண்ணுக்குத் தெரியாத அந்த இடைவெளியில் இருப்பதே நீராவி. வெண்மையாகத் தெரிவது காற்றில் குளிர்ந்து மறுபடி திரவமாகிவிட்ட நுண்துளிகள்.

சென்னையில் கொதிநிலை 100 டிகிரியை ஒட்டி வரும். உதகமண்டலத்தில் இருப்பவர்களுக்கு 92, 93 டிகிரியிலேயே நீர் கொதித்துவிடும். ஏறத்தாழ 300 மீட்டர் உயரத்துக்கு ஒரு டிகிரி வீதம் கொதிநிலை குறைகிறது. மேலே போகப் போகக் காற்றழுத்தம் குறைவதால் மூலக்கூறுகள் எளிதில் தப்பிவிடுகின்றன. அங்கே பருப்பு வேக நேரமாவது நீர் போதிய சூட்டை எட்டாததால்தான். பிரஷர் குக்கர் இதற்கு நேர்மாறு; அழுத்தத்தைக் கூட்டி, கொதிநிலையை ஏறத்தாழ 120 டிகிரிவரை தள்ளுகிறது.

ஐந்தாம் படி: கொதிக்காமலே ஆவியாதல்

வெப்பமானியை மின்விசிறிக்கு எதிரே பிடித்து, விசிறியை நிறுத்தியும் ஓடவிட்டும் அளவெடுங்கள். இரண்டும் ஒன்றாகவே இருக்கும். விசிறி காற்றைக் குளிர்விப்பதில்லை. இப்போது முனையில் ஈரத்துணியைச் சுற்றிவிட்டு மறுபடி பிடியுங்கள். அளவு மளமளவென்று இறங்கும். ஈரம் ஆவியாக வேண்டுமானால் வெப்பம் வேண்டும். அறை வெப்பநிலையில் அது கிராமுக்கு ஏறத்தாழ 580 கலோரி. அதைத் துணியிலிருந்தும் முனையிலிருந்தும் எடுத்துக்கொள்கிறது. மண்பானைத் தண்ணீர் குளிர்வதும், வியர்த்த உடம்புக்கு விசிறி இதமாக இருப்பதும் இதே செயல்தான்.

கடற்கரை ஊர்களில் இந்த இறக்கம் சிறிதாக இருக்கும், வறண்ட உள்நாட்டுக் கோடையில் பெரிதாக இருக்கும். ஏற்கனவே ஈரம் நிறைந்த காற்று, மேலும் ஈரத்தை எளிதில் வாங்குவதில்லை.

ஆறாம் படி: உப்பும் பனிக்கட்டியும்

நொறுக்கிய பனிக்கட்டி 300 கிராமுடன் உப்பு 100 கிராம் சேர்த்துக் கலக்குங்கள். வெளியிலிருந்து எந்தக் குளிரும் தராமலே வெப்பமானி பூஜ்ஜியத்துக்குக் கீழே, மைனஸ் 10 டிகிரியையும் தாண்டி இறங்கும். கோட்பாட்டளவில் மைனஸ் 21 வரை போகலாம். உப்பு உருகுநிலையைத் தாழ்த்துவதால் பனிக்கட்டி உருகத் தொடங்குகிறது. உருக வேண்டிய வெப்பத்தை வேறு யாரும் தராததால் தன்னிடமிருந்தே எடுத்துக்கொண்டு மேலும் குளிர்கிறது. அந்தக் கலவைக்குள் சர்க்கரை சேர்த்த பாலை ஒரு சிறு டப்பாவில் மூடி வைத்தால் உறைந்துவிடும். வெறும் கையால் கலவையை அள்ள வேண்டாம், தோல் கன்றிப்போகும்.

ஏழாம் படி: வீட்டிலேயே இருக்கும் மற்றப் பொருள்கள்

சூடம் திறந்து வைத்தால் உருகாமலே சிறுத்துப்போகும். திடத்திலிருந்து நேராக வாயுவாக மாறும் இதைப் பதங்கமாதல் என்கிறோம். அடுப்பை அணைத்துவிட்டு, இறக்கிய வெந்நீரின்மேல் ஒரு கிண்ணத்தை மிதக்கவிட்டு, அதில் சூடத் துண்டுகளைப் போட்டு, பனிக்கட்டி நிரப்பிய டம்ளரால் மூடுங்கள். டம்ளரின் அடியில் வெண்படிகங்கள் படியும். சூடம் எளிதில் தீப்பற்றும், விழுங்கினால் நஞ்சு. ஆகவே அருகே தீ கூடாது, சிறு பிள்ளைகளின் கைக்கும் எட்டக்கூடாது.

சமையல் எரிவாயு உருளையை ஈரத்துணியால் மேலிருந்து கீழாக ஒரு பட்டையாகத் துடைத்துப் பாருங்கள். மேல்பகுதி சீக்கிரம் உலர்ந்துவிடும். ஒரு மட்டத்துக்குக் கீழே ஈரம் சற்று நேரம் தங்கும். அந்த மட்டம்வரை உள்ளே திரவம் இருக்கிறது. வெளியே வாயுவாக வரும் புரொப்பேனும் பியூட்டேனும் உருளைக்குள் அழுத்தத்தால் திரவமாக அடைபட்டிருக்கின்றன. சாதாரணக் காற்றழுத்தத்தில் பியூட்டேனின் கொதிநிலை சுமார் மைனஸ் 0.5 டிகிரி, புரொப்பேனுடையது மைனஸ் 42. நம் அறைச் சூட்டிலேயே கொதிக்கக் காத்திருக்கும் திரவம் அது. திருமண வீட்டில் பெரிய அடுப்புகள் ஓயாமல் எரியும்போது உருளையின் கீழ்ப்பகுதி வியர்த்து நிற்பதும் இதனால்தான். உள்ளே கொதிக்கும் திரவம் உருளையின் சூட்டை உறிஞ்சிக்கொள்கிறது.

தேங்காய் எண்ணெய் 24 டிகிரியை ஒட்டி உறையும். மார்கழிக் காலையில் கோவையில் கட்டியாக இருப்பது சென்னையில் ஓடிக்கொண்டிருக்கும். ஆனால் அதற்குக் கூர்மையான சமதளம் கிடையாது. பல கொழுப்புகளின் கலவை என்பதால் சில டிகிரி இடைவெளிக்குள் மெல்ல இளகும். தூய பொருளுக்கு உருகுநிலை ஒரே எண்ணில் நிற்கும். கலப்படம் சேர்ந்தால் அது தாழ்ந்து பரவும். வேதியியலாளர்கள் ஒரு பொருளின் தூய்மையை அறிய உருகுநிலையைப் பார்ப்பது இதற்காகவே.

எட்டாம் படி: பொருளே வேறாகும்போது

இதுவரை எந்த மாற்றத்திலும் நீர் நீராகவே இருந்தது. சர்க்கரையைக் கரைத்து நீரை வற்ற வைத்தால் சர்க்கரை திரும்பக் கிடைக்கும். அதையே வாணலியில் கருக்கிவிட்டால் எந்தக் குளிராலும் மீட்க முடியாது. இது வேதியியல் மாற்றம். திரும்புமா, திரும்பாதா என்பது முதல் கேள்விதானே தவிர முடிவான சோதனை அல்ல. புதுப் பொருள் உண்டானதா என்பதைத் தேட வேண்டும்.

மஞ்சள்தூளை நீரில் குழைத்து வெள்ளைத் தாளில் தடவி உலர்த்தி, சிறு பட்டைகளாக வெட்டிக்கொள்ளுங்கள். துணி சோப்புக் கரைசல், சுண்ணாம்பு நீர் ஆகிய காரங்கள் பட்டால் செம்பழுப்பாகும். ஆரத்தித் தட்டில் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து செந்நிறம் வருவது இந்த மாற்றத்தால்தான். சிவந்த இடத்தில் எலுமிச்சைச் சாறு விட்டால் மறுபடி மஞ்சளாகும். சமையல் சோடா மெலிந்த காரம், அதனால் நிறமும் மெலிதாகவே மாறும். ஆனால் மஞ்சளுக்கு எலுமிச்சைச் சாற்றையும் வெறும் தண்ணீரையும் பிரித்துச் சொல்லத் தெரியாது. அதற்குச் சங்குப்பூவைக் கொதிநீரில் ஊறவைத்த நீலச் சாறு வேண்டும். அமிலத்தில் ஊதாவும் இளஞ்சிவப்புமாகும், காரத்தில் பச்சைக்குத் திரும்பும்.

சுண்ணாம்பை ஒரு சிட்டிகை எடுத்து ஒரு டம்ளர் நீரில் கலக்கித் தெளியவிட்டு, மேல்நீரை மட்டும் இறுத்துக்கொள்ளுங்கள். உறிஞ்சுகுழாயால் அதில் மெல்ல ஊதினால் பால்போல் கலங்கும். உறிஞ்சிவிடக்கூடாது, நீர் கண்ணில் தெறிக்கவும் கூடாது. மூச்சிலுள்ள கார்பன் டை ஆக்சைடு சுண்ணாம்புடன் சேர்ந்து கரையாத கால்சியம் கார்பனேட் ஆகிறது. இந்த வாயுவை 1750களில் தனியே இனங்கண்டவரும் அதே ஜோசப் பிளாக்தான்.

வெப்பமானிக்கு இங்கும் வேலை இருக்கிறது. அறை வெப்பநிலையில் இருக்கும் எலுமிச்சைச் சாற்றில் சமையல் சோடாவைப் போட்டால் நுரைத்துப் பொங்கும். ஆனால் சில டிகிரி குளிரும். பொங்குவதெல்லாம் சூடு அல்ல. சுட்ட சுண்ணாம்புக் கல்லில் நீர் விட்டால் இதற்கு மாறாக, நீரே கொதிக்கும் அளவுக்குச் சூடு எழும். அதை வீட்டில் செய்யாதீர்கள்; தெறித்தால் பார்வையே போய்விடலாம்.

கடைசியாக எடைக் கணக்கு. மூன்று எலுமிச்சம்பழச் சாற்றில் 4 கிராம் சோடாவைப் போட்டு, பாத்திரத்தோடு முன்னும் பின்னும் எடை பாருங்கள். ஏறத்தாழ 2 கிராம் காணாமல் போயிருக்கும். மறுமுறை சாற்றை ஒரு பாட்டிலில் ஊற்றி, சோடாவைப் பலூனுக்குள் இட்டு, பலூனைப் பாட்டிலின் வாயில் மாட்டி, எடையிட்ட பிறகு சோடாவைக் கவிழ்த்துவிடுங்கள். எதுவும் வெளியே போகவில்லை, எடை மாறக்கூடாது. ஆனாலும் தராசு ஒரு கிராம் குறைத்துக் காட்டக்கூடும். நிறை மாறா விதி பொய்த்துவிடவில்லை. ஒரு லிட்டர் காற்றின் எடை ஏறத்தாழ 1.2 கிராம், ஊதிய பலூன் அவ்வளவு காற்றை ஒதுக்கித் தள்ளுவதால், அந்தக் காற்று அதை மேல்நோக்கித் தாங்குகிறது. இந்த ஒரு கிராமுக்குப் பின்னால் போய்க் காரணம் கண்டுபிடிக்கும் பிள்ளைக்கு அறிவியல் பிடிபட்டுவிட்டது என்றே சொல்வேன்.

எண்கள் ஒத்து வராதபோது

பனிக்கட்டிக் கலவையில் அளவு பூஜ்ஜியத்தைவிட இரண்டு மூன்று டிகிரி கூடினால், பாத்திரத்தின் சூடும் அறையின் சூடும் உள்ளே வந்திருக்கும், அல்லது பனிக்கட்டியின்மேல் இருந்த நீரையும் சேர்த்து எடையிட்டிருப்பீர்கள். பனிக்கட்டி நிறைய மிஞ்சினால் அது பூஜ்ஜியத்தைவிடக் குளிர்ந்திருந்தது. கொதிநிலை 102 என்று வந்தால் முனை அடியைத் தொடுகிறதா என்று பாருங்கள். ஆவியான நீர் எட்டில் ஒரு பங்கைவிட மிகக் குறைவாக இருந்தால், இடையில் தீ குறைந்திருக்கலாம் அல்லது பாத்திரம் மூடியிருந்திருக்கலாம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி மறுபடி செய்யுங்கள்.

சூடம் வைத்த கிண்ணத்தையும் சுண்ணாம்பு கலந்த டம்ளரையும் மறுபடி சமையலுக்கு எடுக்காமல் தனியே வைத்துவிடுங்கள். உப்புக் கலவை பட்ட எவர்சில்வர் பாத்திரங்களை அன்றே கழுவித் துடைத்துவிடுங்கள். ஊறவிட்டால் உப்பு அவற்றில் சிறு குழிகளை அரித்துவிடும்.